படுவான்கரைப் பாடசாலையொன்றில் ஓர் அதிபரும் தரம் 6 கணிதக் கொப்பிகளும்

அதிபர் வகுப்பறைக்குள் போகவேண்டும், கற்பித்தலை வழிநடத்தவேண்டும் என்று சுற்றறிக்கைகள் சொல்கின்றன, கருத்தரங்குகளில் சொல்கிறார்கள், மேற்பார்வைக்கு வரும் குழுவும் போகும்போது அதையே சொல்லிவிட்டுப் போகிறது. ஆனால் உள்ளே போய் எதைப் பார்ப்பது, பார்த்ததை வைத்து மறுநாள் என்ன செய்வது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. இந்தக் கேள்விக்கு ஓர் அதிபர் தன் பாடசாலையில் கண்டுபிடித்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்களின் பாடக் குறிப்பைப் பார்த்துக் கையொப்பம் வைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவரால் எதையும் அசைக்க முடியவில்லை. பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகு நேரசூசி, யார் எந்த வகுப்புக்கு என்ற பகிர்வு, பாடங்களின் ஒழுங்கு என்று ஒவ்வொன்றாக மாறின. மாறாதவையும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

நடந்த இடம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். தரம் 1 முதல் 11 வரை உள்ள வகை 2 பாடசாலை, கஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்தப்பட்டது. பெற்றோரில் பெரும்பாலானோர் வயல்காரர், மிச்சப்பேர் மாடு, தோணி, கூலிவேலை. ஆசிரியர்கள் அநேகம் பேர் வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து வலையிறவுப் பாலத்தாலும் மண்முனைப் பாலத்தாலும் தினமும் வந்து போகிறவர்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை அந்தத் துறையில் பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறித்தான் வரவேண்டியிருந்தது, இப்போது பயணம் எவ்வளவோ மேல், என்றாலும் முதற் பாடவேளைக்கு எல்லோரும் வந்து சேர்வது பஸ்ஸைப் பொறுத்தது. நான் அந்தக் காலத்தில் கணித ஆசிரிய ஆலோசகராக அந்தப் பக்கத்துப் பாடசாலைகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன், அதனால் இதில் ஒரு பகுதியைக் கண்ணால் கண்டேன், மற்றப் பகுதியைச் சம்பந்தப்பட்டவர்களே சொல்லிக் கேட்டேன். பெயர்களை வேண்டுமென்றே விடுகிறேன். கிராமத்தைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், எங்கள் பக்கம் அவ்வளவு சின்னது.

அதிபர் 2023இல் அங்கே வந்தார். வரலாறு ஆசிரியையாக இருந்து, பிறகு இலங்கை அதிபர் சேவைக்குள் வந்தவர், கணிதத்தோடு அவருக்குத் தொடர்பே இல்லை. இதை முன்கூட்டியே சொல்லக் காரணம் இருக்கிறது. அதிபருக்கு எல்லாப் பாடமும் தெரியுமா, தெரியாத பாடத்தில் எப்படி வழிகாட்டுவது என்று கேட்டு இந்த வேலையைத் தள்ளி வைக்கிற அதிபர்கள் நிறையப் பேர்.

அந்த வருடத்துத் தரம் 6 பிள்ளைகளின் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவர்கள் தரம் 3. 2021இல் தரம் 4, பாதி வருடம் மூடல், அதற்குமேல் ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியிருந்தார்கள். அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் படுவான்கரையில் அதற்கு முன்னரும் இணையவழி என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, வீட்டில் ஒரு போன் இருந்தால் அது வயலுக்குப் போகிற அப்பாவின் கையில் இருக்கும். 2022இல் தரம் 5, அப்போது பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பஸ் இல்லை. பெருக்கல், வகுத்தல், பின்னத்தின் முதல் விளக்கம் எல்லாம் மனதில் உட்காரவேண்டிய மூன்று வருடங்கள் அப்படியே போயின. 2023 கல்வியாண்டு மார்ச் கடைசியில் தொடங்கியபோது இந்தப் பிள்ளைகள் தரம் 6 கணிதப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள், புத்தகமோ எல்லாம் தெரிந்த பிள்ளைக்காக எழுதப்பட்டிருந்தது.

முதல் தவணை

முதல் தவணையில் புதிய அதிபர் செய்தது எல்லா அதிபர்களும் செய்வதுதான். திங்கட்கிழமை காலையில் பாடக் குறிப்புப் புத்தகங்கள் அவரது மேசைக்கு வரும், ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையொப்பமும் திகதியும் வைப்பார். பிறகு ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது வராந்தாவால் நடப்பார், ஜன்னலால் பார்ப்பார், சத்தமான வகுப்பில் நின்று பார்ப்பார், ஆசிரியர் இல்லாத வகுப்பில் போய் இருப்பார். எதுவும் தவறில்லை, பாடசாலை ஒழுங்காக நடந்தது, பெற்றோரும் "புது அதிபர் வந்தாப் பிறகு பள்ளிக்கூடம் அமைதியா இருக்கு" என்று சொன்னார்கள். தவணைப் பரீட்சை வந்தது. தரம் 6 கணிதப் புள்ளிகளை அவர் எனக்குக் காட்டியபோது நான் ஒன்றும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

இந்த இடத்தில் ஓர் ஆய்வைச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் நடந்து திரிவதில் நம்பிக்கை வைத்திருக்கிறவர்களுக்கு அது உறைக்கும். அமெரிக்காவின் மயாமி-டேட் பகுதியில் ஜேசன் கிரிசம், சுசானா லோப், பென்ஜமின் மாஸ்டர் மூவரும் சுமார் 100 அதிபர்களை நாள் முழுவதும் கூடவே இருந்து, மூன்று கல்வியாண்டுகளில் கவனித்து, 2013இல் வெளியிட்டார்கள். கற்பித்தல் விடயத்தில் அதிபர் மொத்தமாக எத்தனை மணி நேரம் செலவழித்தார் என்பதற்கும் பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. ஆசிரியரோடு உட்கார்ந்து அவரது கற்பித்தலைப் பற்றிப் பேசி வழிகாட்டிய நேரத்துக்கும், கலைத்திட்டத்தை மேம்படுத்தச் செலவழித்த நேரத்துக்கும் நல்ல தொடர்பு இருந்தது. வகுப்புகளை மேலோட்டமாக எட்டிப் பார்த்துப் போன நேரம் கூடியபோது முன்னேற்றம் குறைந்தே காணப்பட்டது, அதிலும் அந்தப் பார்வையை ஆசிரியர்கள் தங்கள் வாண்மை விருத்திக்கான ஒன்றாகக் கருதாத பாடசாலைகளில். எங்கள் படுவான்கரைக்கும் மயாமிக்கும் எவ்வளவோ தூரம், அதற்காக ஒன்றை அப்படியே மற்றதில் பொருத்த நான் சொல்லவில்லை. ஆனால் ஜன்னலால் பார்க்கிற அதிபரைக் கண்டதும் கதிரையிலிருந்து எழும்புகிற ஆசிரியரை நான் இங்கே எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன், அவர் எழும்பியதால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரே மாதிரிக் கொப்பிகள்

இரண்டாம் தவணையில் ஒருநாள் தரம் 6 கணிதக் கொப்பிகள் முழுவதையும் அதிபர் வீட்டுக்குக் கொண்டு போனார். ஏதோ திட்டம் போட்டுச் செய்ததல்ல, அடுத்த நாள் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக் குழு வரும் என்று சொல்லப்பட்டிருந்தது, கொப்பிகள் திருத்தப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க நினைத்தார். எல்லாம் திருத்தப்பட்டிருந்தன. எல்லாம் சரி. 1/2 + 1/3 = 5/6 என்று ஒவ்வொரு கொப்பியிலும், அதே வரிகள், அதே இடத்தில் கோடு, பொது மடங்குகளுள் சிறியதை (பொ.ம.சி) எடுத்த முறைகூட ஒரே மாதிரி. ஐந்தாறு கொப்பிகளுக்குப் பிறகு அவருக்கு ஏதோ நெருடியது. அடுத்த நாள் வந்து வரவு இடாப்பை எடுத்துப் பார்த்தார். அந்தக் கணக்குப் போட்ட திகதியில் வகுப்பில் கணிசமான பிள்ளைகள் வரவில்லை, கிராமத்துக் கண்ணகை அம்மன் சடங்கு நாட்கள் அவை. வராத பிள்ளைகளின் கொப்பியிலும் அதே கணக்கு, அதே திகதி, அதே சரி.

கொப்பி நிரம்பியிருந்தது, திருத்தப்பட்டிருந்தது, குழு வந்து பார்த்தால் பாராட்டிவிட்டுப் போகும். பிள்ளைக்குத் தெரியுமா என்பதற்கு மட்டும் அந்தக் கொப்பியில் எந்தத் தடயமும் இல்லை.

தரம் 6, 7 கணிதம் படிப்பித்தவர் ஓர் இளம் கலைப் பட்டதாரி. கணிதம் அவரது பாடமே இல்லை, ஆளில்லாததால் கொடுக்கப்பட்டது, இதுவும் எங்கள் பக்கம் சாதாரணம். அதிபர் அவரைக் கூப்பிட்டுக் கொப்பிகளைக் காட்டிக் கேள்வி கேட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், "தம்பி, நாளைக்கு உங்கட பாடவேளையில எனக்கு ஒரு பத்து நிமிசம் தாறீங்களா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு விசயம் பாப்பம்" என்று கேட்டார். பிள்ளைகளுக்கு முன்னால் எப்போதும் "சேர்" என்றுதான் அழைப்பார், தனியே பேசும்போது தம்பி.

அடுத்த நாள் அரைத் தாள்கள் கொடுக்கப்பட்டன. பெயர்கூட எழுதத் தேவையில்லை என்று சொன்னார்கள். பலகையில் இரண்டே கணக்கு, 1/2 + 1/4, 1/3 + 1/6. வந்த தாள்களில் அரைவாசிக்கு மேல் 2/6 என்றும் 2/9 என்றும் இருந்தன. மேலே இருப்பதை மேலே இருப்பதோடு, கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடு கூட்டியிருந்தார்கள். கணிதம் படிப்பிக்கிற எவருக்கும் தெரிந்த பிழைதான், உலகம் முழுவதும் பிள்ளைகள் விடுகிற பிழை. புதிய விடயம் அதற்குப் பிறகுதான் நடந்தது. முன்வாங்கில் இருந்த பையனிடம் அதிபர், "மனே, அரை ஏக்கரும் கால் ஏக்கரும் சேர்ந்தா எவ்வளவு?" என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, "முக்கால் ஏக்கர் மிஸ்" என்றான். அவன் தாளில் 2/6 என்று எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்தவளிடமும் கேட்டார், அவளும் முக்கால் என்றாள், அவள் தாளிலும் 2/6.

இதை அதிபர் என்னிடம் சொன்னபோது எனக்குப் பெரிய சந்தோசமும் கவலையும் ஒன்றாக வந்தன. பிள்ளைக்குப் பின்னம் தெரியும், வயற்காரன் பிள்ளைக்கு அரையும் காலும் தெரியாமல் இருக்குமா? அந்த அறிவுக்கும் கொப்பியில் எழுதுகிற அந்த இரண்டு இலக்கத்துக்கும் நடுவே ஒரு தொடுப்பும் போடப்படவில்லை. 2/6 என்பது அரையைவிடக் குறைவு, கையிலிருந்த அரையோடு காலைச் சேர்த்தபிறகு இருந்ததைவிடக் குறைவாக எப்படி வரும் என்று கேட்டுப் பார்க்கக்கூட அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் 2/6 என்பது அவர்களுக்கு ஓர் அளவே இல்லை, பலகையிலிருந்து கொப்பிக்கு வருகிற ஓர் எழுத்து.

அன்று பின்னேரம் அந்த இளம் ஆசிரியர் அதிபரிடம் சொன்னதை அவர் பிறகு என்னிடமும் சொன்னார், அவரது அனுமதியோடு எழுதுகிறேன். "மிஸ், பொ.ம.சி எடுக்கச் சொல்லித்தான் எனக்கும் படிப்பிச்சவங்க. ஏன் எடுக்கிறது எண்டு கேட்டா எனக்கே விளங்கப்படுத்தத் தெரியாது." ஓர் ஆசிரியர் தன் அதிபரிடம் இதைச் சொல்வது லேசான காரியமில்லை. முதல் நாளே குறையைக் குறித்து வைத்திருந்தால் அவர் வாழ்க்கையில் அதைச் சொல்லியிருக்க மாட்டார், நமக்கும் எங்கே தொடங்குவது என்று தெரிந்திருக்காது.

புதன்கிழமைப் பாடவேளை

அதற்குப் பிறகு நடந்தவற்றில் மிக முக்கியமானது நேரசூசியில் நடந்த ஒரு சின்ன மாற்றம். கணிதம் படிப்பித்தவர்கள் மூன்று பேர். தரம் 10, 11க்கு ஒரு மூத்த ஆசிரியர், 8, 9க்கு தாழங்குடாவில் இருக்கிற தேசிய கல்வியியற் கல்லூரியில் கணிதம் கற்று வந்த ஓர் ஆசிரியை, 6, 7க்கு இந்த இளைஞர். மூவருக்கும் ஒன்றாக ஓய்வாகக் கிடைக்கிற பாடவேளை வாரத்தில் ஒன்றுகூட இருக்கவில்லை. நேரசூசி போடுவது என்பது யாருக்கு எந்தப் பாடவேளை என்று நிரப்புகிற வேலை என்றே நாங்கள் பழகிவிட்டோம், ஆசிரியர்கள் சந்திக்க இடம் வைப்பதும் அதில் அடங்கும் என்று யாரும் நினைப்பதில்லை. அதிபர் தானே உட்கார்ந்து, இரண்டு வகுப்புகளின் சித்திரத்தையும் உடற்கல்வியையும் இடம் மாற்றி, புதன்கிழமை நடுவில் மூவருக்கும் 40 நிமிடங்களை ஒன்றாகத் திறந்துவிட்டார். அந்த நேரத்தில் யாரையும் ஆசிரியர் வராத வெற்று வகுப்புக்கு அனுப்புவதில்லை என்று பிரதி அதிபரோடு பேசி முடிவு செய்தார், தேவைப்பட்டால் தானோ பிரதி அதிபரோ வகுப்பில் இருப்பது என்று.

இதே கையோடு தரம் 6 கணிதம் முதற் பாடவேளையிலிருந்து இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நகர்த்தப்பட்டது. பஸ் பிந்தினால் முதற் பாடவேளைதான் தேயும், வருடம் முழுக்கத் தேய்ந்தால் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

புதன்கிழமைச் சந்திப்பில் ஒரேயொரு ஒழுங்குதான் இருந்தது. மேசையில் ஒரு வகுப்பின் அரைத் தாள்கள் இருக்கவேண்டும், பேச்சு அந்தத் தாள்களில் உள்ள பிழைகளைப் பற்றி மட்டும். படிவம், புள்ளி, விழா, யார் வரவில்லை என்பதெல்லாம் அங்கே வராது. ஆசிரியை கடதாசிப் பட்டிகளை மடித்து அரை, கால், அரைக்கால் காட்டித் தருவார், இளைஞர் அதைத் தானே மடித்துப் பார்ப்பார், மூன்றிலொன்றையும் ஆறிலொன்றையும் ஒரே நீளப் பட்டியில் பக்கத்தில் வைத்தால் ஏன் ஆறாகப் பிரிக்கவேண்டியிருக்கிறது என்று கண்ணால் தெரியும். நான் போகிற புதன்களில் நானும் இருப்பேன். அதிபரும் பட்டி மடித்தார். மடித்துக்கொண்டே, "அப்ப இந்த ஆறாப் பிரிக்கிறதுதான் நீங்க சொல்ற பொ.ம.சியா?" என்று கேட்டார், அந்தக் கேள்வியை இளைஞருக்காகக் கேட்டார் என்று நான் முதலில் நினைத்தேன், இல்லை, உண்மையாகவே அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியிருந்தது.

அதிபர் அங்கே மாணவியாக உட்கார்ந்திருந்தது சும்மா ஒரு பணிவு என்று எடுத்துவிடக்கூடாது. நியூசிலாந்தில் விவியன் ரொபின்சனும் கூட இருந்தவர்களும் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008இல் எழுதியதில், தலைவர் செய்கிற ஐந்து வகை வேலைகளில் மாணவர் அடைவோடு ஆகக் கூடிய தொடர்பு காட்டியது ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தானும் பங்கெடுப்பது, அதன் விளைவின் அளவு, அதாவது தொடர்பு எவ்வளவு பெரிது என்று காட்டும் எண், 0.84. இலக்கு வைப்பது, வளம் ஒதுக்குவது, ஒழுங்கான சூழலைக் காப்பது எல்லாம் அதற்குப் பின்னால்தான் வந்தன. நான் கண்ட வரையில் காரணம் லேசானது. அதிபர் கூடவே இருந்து கற்றுக்கொண்டால், பின்னம் விளங்கப்படுத்த இரண்டு கிழமை கூடுதலாக வேண்டும் என்று ஆசிரியர் கேட்கும்போது அந்த இரண்டு கிழமை எதற்கு என்று அவருக்குத் தெரியும், தானே முன்வந்து கொடுப்பார்.

அந்த இரண்டு கிழமையில்தான் பிரச்சினை வந்தது.

பாடத்திட்டம் யாருடையது

எங்கள் நாட்டில் அதிபருக்குக் கலைத்திட்டத்தில் என்ன அதிகாரம் இருக்கிறது? பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் மகரகமவில் தேசிய கல்வி நிறுவகம் தயாரிக்கிறது, புத்தகம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்திலிருந்து வருகிறது, 2007இலிருந்து தேர்ச்சி, தேர்ச்சி மட்டம் என்று எல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதிபர் ஓர் அலகையும் வெட்டவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. அதனால் கலைத்திட்டம் என் வேலை இல்லை என்று பலர் கையை விரித்துவிடுகிறார்கள். ஆனால் யார் எந்த வகுப்புக்கு, எந்த நேரத்தில், எந்த அலகுக்கு எவ்வளவு நாள், பிள்ளை விளங்கிக்கொண்டதா என்று எதை வைத்துத் தீர்மானிப்பது, வராத பிள்ளைக்கு எப்போது மறுபடி என்பதெல்லாம் பாடசாலைக்குள் முடிவாகிறவை. பிலிப் ஹாலிங்கரும் ஜோசப் மேர்பியும் 1985இல் அதிபரின் கற்பித்தல் தலைமைத்துவத்தை மூன்று பெரும் பகுதிகளாகப் பிரித்தபோது நடுவில் வைத்தது இதைத்தான், கற்பித்தல் நிகழ்ச்சித்திட்டத்தை முகாமை செய்வது. கொழும்பிலிருந்து வரும் பாடத்திட்டம் எங்கள் பிள்ளையின் தலைக்குள் போகிற வழி முழுக்க அதிபரின் கையில்தான் இருக்கிறது.

சரி, இந்த அதிபர் என்ன செய்தார் என்றால், தரம் 6 பின்ன அலகுக்கு முன்னால் தரம் 4, 5இல் விடுபட்டதை நிரப்ப இரண்டு கிழமை ஒதுக்கினார். அதனால் தவணைக்குள் முடிக்கவேண்டிய கடைசி அலகுகள் அடுத்த தவணைக்குத் தள்ளிப் போயின. மாரி மழைக் காலத்தில், நவம்பரிலிருந்து ஜனவரி வரை, வீதியில் தண்ணீர் ஏறினால் தூரத்துப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பது ஒவ்வொரு வருடமும் நடக்கிற காரியம், எனவே ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டப்படுகிற அலகுகளை அதற்கு முன்னரே நகர்த்தி, தனித்து நிற்கக்கூடிய வடிவங்கள், அளவீடு போன்றவற்றை அந்த மாதங்களுக்கு வைத்தார்கள். இந்த யோசனை ஆசிரியையுடையது. வெளியிலிருந்து வந்து போகிற எங்களுக்கு இது தோன்றியிருக்காது, அவர் அந்தக் கிராமத்தில் திருமணம் செய்து அங்கேயே இருக்கிறவர்.

மேற்பார்வைக் குழு வந்தது. தரம் 6 பாடத்திட்டம் பின்தங்கியிருக்கிறது என்று எழுதினார்கள். அவர்கள் எழுதியது உண்மை, பின்தங்கித்தான் இருந்தது. அதிபர் எதிர்த்துப் பேசவில்லை, முதல் நாள் அரைத் தாள்களையும் ஒன்றரை மாதம் கழித்து எடுத்த தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். குழுவில் இருந்த ஒருவர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார், மற்றவர்கள் பார்க்கவில்லை. குறிப்பு மாறவில்லை. ஆனால் அந்த ஒருவர் போகும்போது, தரம் 6க்கு அந்தத் தவணை வினாத்தாளைப் பாடசாலையே தயாரிக்கலாமா என்று எழுத்தில் கேட்கச் சொன்னார், கேட்டார்கள், அனுமதி கிடைத்தது. இப்படி ஒருவர் கிடைக்காமல் போயிருந்தால் பிள்ளைகள் படித்தது ஒன்றாகவும் பரீட்சை வேறொன்றாகவும் போயிருக்கும், எல்லாம் அந்த இடத்திலேயே நின்றிருக்கலாம். அதிபரின் முயற்சி மட்டும் போதும் என்று பேசுகிறவர்களிடம் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

2024இல் இன்னொரு மாற்றம். கணிதத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியையைத் தரம் 6க்கு மாற்றி, இளைஞரை 7, 8க்கு வைத்து, தரம் 9ஐ ஆசிரியையே தொடர்வது என்று அதிபர் முடிவெடுத்தார். நல்ல ஆசிரியரைத் தரம் 11 முடிவில் வரும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் பக்கத்தில் வைப்பதுதான் எங்கும் வழக்கம், பெறுபேறு அங்கேதான் வெளியே தெரியும். மூத்த ஆசிரியர் இதை ஆசிரியர் கூட்டத்திலேயே எதிர்த்தார், சாதாரண தரப் பெறுபேறு விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதிபர், தரம் 10க்கு வரும்போதே பின்னம் தெரியாமல் வருகிறார்கள் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வதும் நீங்கள்தானே சேர் என்றார். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

நடக்காதவை

அந்த மூத்த ஆசிரியர் புதன்கிழமைச் சந்திப்புக்கு வந்து உட்கார்ந்தார், ஆனால் தன் வகுப்புத் தாள்களை மேசைக்குக் கொண்டுவரவே இல்லை. பலர் இதைப் பிடிவாதம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவரது சேவைக்காலத்தில் வகுப்புக்குள் வந்தவர்கள் எல்லோரும் குறை எழுதிவிட்டுப் போனவர்கள், ஒருவராவது திரும்பி வந்து அந்தக் குறையைச் சேர்ந்து தீர்ப்போம் என்று சொல்லியிருக்கவில்லை. அப்படிப்பட்டவரை ஒரு வருடத்தில் மாற்றிவிடலாம் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அதிபரும் வற்புறுத்தவில்லை, அவரை அந்தச் சந்திப்பிலிருந்து விடவும் இல்லை.

விஞ்ஞானத்தில் இதே முறையைத் தொடங்கினார்கள், இடமாற்றத்தில் ஆசிரியர் போனார், பதிலுக்கு ஆள் வர மாதங்கள் ஆயின, அத்தோடு முடிந்தது. ஆங்கிலத்திலும் ஏறத்தாழ அதே கதை. ஆசிரியர் இல்லாத இடத்தில் எந்தத் தலைமைத்துவமும் கற்பித்தலை வழிநடத்த முடியாது.

ஆரம்பப் பிரிவில் பாதி நடந்தது. பின்னம் விட்டுப்போன இடம் தரம் 4, 5 என்று தெரிந்த பிறகு அந்த ஆசிரியைகளையும் மாதத்துக்கொரு தடவை புதன்கிழமைக்கு அழைத்தார் அதிபர். தரம் 4 ஆசிரியை ஆர்வமாக வந்தார், பட்டி மடிப்பதைத் தன் வகுப்பில் உடனே தொடங்கினார். தரம் 5 ஆசிரியையால் முடியவில்லை. புலமைப்பரிசில் பரீட்சை வருடம், பெற்றோர் மாதிரி வினாத்தாள் எத்தனை செய்தீர்கள் என்று வாசலில் நின்று கேட்கிறார்கள், அவர் என்ன செய்வார்? புலமைப்பரிசில் அழுத்தம் தரம் 5க்குள் இருக்கும்வரை அந்த வகுப்பில் அதிபரின் சொல்லுக்குப் பெரிய இடம் கிடைக்காது என்றே நான் நினைக்கிறேன்.

அதிபரின் நேரம் இன்னொரு பிரச்சினை. இப்படியான பாடசாலையில் எழுதுவினைஞர் இல்லை. போசாக்கு உணவுக் கணக்கு, சீருடை, பாதணி வவுச்சர், புத்தக இருப்பு, வட்ஸ்அப்பில் இன்றைக்கே அனுப்பு என்று வருகிற தரவுகள், எல்லாம் அதிபரின் மேசையில்தான். உணவு விடயத்தைப் பிரதி அதிபருக்குக் கொடுத்தார், தரவுகளைப் பின்னேரத்துக்கு ஒதுக்கினார், என்றாலும் கூட்டம் என்று அழைப்பு வந்தால் புதன்கிழமை என்றாலும் போகத்தான் வேண்டும். அவர் இல்லாத புதன்களிலும் சந்திப்பு நடந்தது, ஆனால் பாதி நேரம் வேறு கதையாகப் போகும் என்று ஆசிரியையே சொன்னார். 2024 நவம்பர் கடைசி வெள்ளத்தில் எல்லாமே நின்றது, வகுப்புகள் திரும்பத் தொடங்கியபோது தரம் 6, 7 பிள்ளைகள் பலரிடம் கொப்பியே இல்லை. அப்போது அரைத் தாள் முறை கைகொடுத்தது, அதற்குக் கொப்பி தேவையில்லை.

அந்த முதல் தரம் 6 பிள்ளைகள் தரம் 7 முடிக்கும்போது அதே இரண்டு கணக்கையும் இன்னும் சிலவற்றையும் கொடுத்துப் பார்த்தோம். பெரும்பாலான தாள்கள் சரி, அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, பிழை விட்டவர்களின் தாள்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தன, ஒவ்வொருவரும் தானே யோசித்துப் பிழை விட்டிருந்தார்கள். இன்னும் 2/6 எழுதிய பிள்ளைகள் ஒரு சிறு கூட்டம் இருந்தார்கள். இடாப்பைப் பார்த்தோம், அநேகமாக எல்லோரும் வயல் வாடிக்குப் பெற்றோரோடு போய்க் கிழமைக் கணக்கில் வராதவர்கள். அவர்களுக்கு வகுப்பறைக்குள் செய்த எதுவும் எட்டவில்லை, அதற்கு வேறு வேலை வேண்டும், அதை இந்தப் பாடசாலை இன்னும் தொடங்கவில்லை.

அதிபர் 2025இல் வேறு பாடசாலைக்குப் போனார். புதியவர் நேரசூசியில் புதன்கிழமைப் பாடவேளையை அப்படியே விட்டிருக்கிறார், அதற்கே நான் நன்றி சொன்னேன், ஏனென்றால் அதை எடுத்து வெற்று வகுப்புகளுக்குப் பயன்படுத்துவது மிக இலகு. ஆனால் அவர் அந்தச் சந்திப்பில் உட்காருவதில்லை, ஆசிரியைதான் நடத்துகிறார். இளம் பட்டதாரி இப்போது தன் தரம் 8 தாள்களைத் தானே கொண்டுவருகிறார், தற்போது எடுத்திருப்பது திசைகொண்ட எண்கள், −3 + 5 என்பதற்குப் பிள்ளைகள் −8 என்று எழுதுவது எதனால் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். புதிய அதிபரை அந்த மேசைக்குக் கொண்டுவர நான் கேட்டிருக்கிறேன், அடுத்த தவணையில் ஒரு தடவை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.